நீலக் கோட்டு நிற்கும் மலை

போன வாரம் இந்த வீட்டை விட்டு நாம் கிளம்பும்போது உள்ளே சண்டை பாதியில் நின்றிருந்தது. ஆறிப்போன சண்டையைச் சூடு பண்ணிச் சாப்பிடுவதில் உங்களுக்கும் எனக்கும் ஒரு ருசி இருக்கிறது. இல்லாவிட்டால் வாராவாரம் எதற்கு இங்கே வருகிறோம்? முதல்முறை எட்டிப் பார்க்கிறவர்கள் கூச்சப்பட வேண்டாம். கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

டெய்லரம்மாவின் மாப்பிள்ளை பல் டாக்டர். அவருக்கு வெளிநாட்டில் ஒரு மாநாடு. "நான் மட்டும் போய் என்ன பண்றது, எல்லாருமா போவோம்" என்று மனுஷர் பெரிய மனசு பண்ணினார். மாநாடு முடிந்ததும் நான்கு பேருமாக ஏதாவது ஒரு பனிமலைக்குப் போய் ஸ்கீ விளையாடுவது என்று ஏற்பாடு. எந்த மலை என்பதில்தான் வந்தது வினை. பெரிய மலை என்கிறார் மாப்பிள்ளை. சின்ன மலை என்கிறாள் மகள். டெய்லரம்மாவோ, ஃபிரிட்ஜின் மேல்தட்டில் உறைந்து கிடப்பதைத் தவிர வேறு பனியைத் தொட்டறியாதவள், யாருமே கேள்விப்படாத ஒரு பழைய மலையைச் சொல்லி, அங்கே என்றால் வருகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் போய்வாருங்கள் என்று உட்கார்ந்துவிட்டாள்.

ஏன் என்பது அவளுக்குத் தெரியும், மகளுக்குத் தெரியும், நமக்கும் தெரியும். மாப்பிள்ளை, டெய்லரம்மாவின் கணவர் என்று ஆண்கள் இரண்டு பேருக்கும் தெரியாது.

அந்த மலையில்தான் அவள் மகன் இருக்கிறான்.

வீட்டில் அவனுக்குத் தராசு என்று பெயர். இடது தோள் சற்று இறங்கியிருக்கும் என்பதால் அவன் அப்பா வைத்த கேலிப்பெயர், நிலைத்துவிட்டது. அப்பா ஆயுசு முழுக்க அடுக்குமாடிகளில் லிஃப்ட் பழுது பார்த்தவர். ஓய்வு பெறும்முன் நாலு பேர் கையைக் காலைப் பிடித்துத் தன் கம்பெனியிலேயே மகனைச் சேர்த்துவிட்டார். பையன் ஒரு வருஷம்கூட ஒழுங்காகப் போகவில்லை. பனிமலையில் ஆட்களை உச்சிக்கு ஏற்றிவிடும் நாற்காலி லிஃப்டில் வேலை கிடைத்திருக்கிறது, போகிறேன் என்றான்.

"கட்டடத்துக்குள்ள பத்திரமா ஏறி இறங்கற லிஃப்டை விட்டுட்டு, கம்பியில தொங்கற நாற்காலியைத் தள்ளிவிடப் போறானாம். போகட்டும். தோத்துட்டுத் திரும்பி வந்தா இந்த வீட்டுக் கதவு திறக்காது" என்றார் அப்பா. சொன்னதோடு சரி. அதற்கப்புறம் யாராவது அவன் பேச்சை எடுத்தால் டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவார்.

போன முதல் வருஷம் அம்மாவிடம் போனில் பேசினான். பிறகு பேச்சு நின்று, "நல்லா இருக்கேம்மா, மலையில சிக்னல் இல்லை" என்று எப்போதாவது ஒருவரிச் செய்தி வந்தது. பெற்ற மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள்? அந்த ஒருவரியை வைத்துக்கொண்டு ஒரு தாய் எத்தனை நாள் தள்ளுவாள்?

ஆனால் டெய்லரம்மாவுக்கு ஒரு ஜன்னல் இருந்தது. கதையே அதில்தான் இருக்கிறது.

*

மத்தியானம். தெரு அடங்கிக் கிடந்தது. முன்னறைதான் தையல்கடை. ஒரு பக்கம் வெட்டும் மேஜை, சுவரோரம் இரண்டு மெஷின், மூலையில் திரை போட்டு மறைத்த ட்ரயல் ரூம். இடுப்பு பிடிக்க வேண்டிய பள்ளிக்கூட பேண்ட்டுகள் குவிந்து கிடந்தன. டெய்லரம்மா அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பட்டன் டப்பாவில் போனைச் சாய்த்துவைத்து, மூக்குக் கண்ணாடியைச் சேலைத் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

அந்த மலைக்காரர்கள் பனி எவ்வளவு விழுந்திருக்கிறது என்று ஊருக்குக் காட்டுவதற்காக லிஃப்ட் அடிவாரத்தில் ஒரு கேமரா வைத்திருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் போனில் பார்க்கலாம். மகள்தான் அதைக் கண்டுபிடித்து அம்மாவின் போனில் போட்டுக் கொடுத்தாள். "அப்பாகிட்ட மூச்சு விடாதே" என்று ஒப்பந்தம். நமக்கு மத்தியானம் என்றால் அங்கே காலை. லிஃப்ட் ஓடத் தொடங்குவதற்கு முன்னால் ஒருவன் வந்து படிகளில் கிடக்கும் பனியைத் தள்ளுவான். தலையில் ஹெல்மெட், கண்ணை மறைத்த பெரிய கண்ணாடி, மூக்குவரை இழுத்துக் கட்டிய துணி. முகம் என்று விரல்நுனி அளவுகூடத் தெரியாது.

முகம் எதற்கு? நீலக் கோட்டு அவள் தைத்தது. அவன் கிளம்புகிற வாரம், கணவருக்குத் தெரியாமல், பஞ்சு வைத்து, உள்துணி கொடுத்து, கட்டம் கட்டமாகத் தையல் ஓட்டித் தைத்தாள். கோட்டை யாருக்காவது இரவல் கொடுத்திருப்பான் என்று யாரேனும் சொன்னால் அவள் சிரித்திருப்பாள். கோட்டை இரவல் கொடுக்கலாம். தோளை இரவல் கொடுக்க முடியுமா? அதோ, இடது பக்கம் இறங்கியிருக்கிறதே. எத்தனை பேருக்கு அளவெடுத்த கண் இது!

படம் நின்று நின்று மாறியது. பனி தள்ளுகிறான். அடுத்த படத்தில் மண்வெட்டியைச் சாய்த்துவிட்டு நிற்கிறான். அடுத்ததில் நேராகக் கேமராவைப் பார்த்துக் கையைத் தூக்கியிருக்கிறான்.

போன குளிர்காலத்தின் நடுவிலிருந்துதான் இப்படிக் கையைத் தூக்குகிறான். முதல் வருஷம் கிடையாது. யாருக்காகத் தூக்குகிறான் என்று அவள் யோசித்ததில்லை. அவளுக்குத்தான், வேறு யாருக்கு? அம்மா பார்க்கிறாள் என்பது பிள்ளைக்கு எப்படியாவது தெரிந்துவிடும் என்பது அவள் கணக்கு.

அவளும் கையைத் தூக்கினாள். ஊசி குத்தாமலிருக்க மாட்டிய அங்குஸ்தான் விரலிலேயே இருந்தது.

"இன்னும் கொஞ்ச நாள்தான்டா" என்றாள் போனிடம். "எவ்ளோ இளைச்சுட்டியோ, கோட்டுக்குள்ள தெரியமாட்டேங்குது."

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. மலை மறைந்து டிராவல்ஸ்காரர் வந்தார்.

"அம்மா, வணக்கம். மலை முடிவாச்சா?"

"ஆயிட்டே இருக்குங்க."

"நீங்க போன வாரமும் இதையேதான் சொன்னீங்க. சீசன் ஆரம்பிச்சாச்சும்மா. இன்னிக்கு நான் கடை சாத்தறதுக்குள்ள சொல்லலைன்னா மூணு மலையிலயும் ரூம் போயிடும். அப்புறம் நாலு பேரும் ஏர்போர்ட்ல உக்காந்து ஏசி காத்து வாங்கிட்டு வரவேண்டியதுதான்."

"சாயங்காலம் நானே சொல்றேன்" என்று வைத்தாள். இன்றைக்குத் தவறினால் தவறியதுதான். கையெட்டும் தூரத்துக்கு மகனைக் கொண்டுபோய் விடுகிற விமானம், இன்னொரு முறை அவள் வாசலுக்கு வரப்போவதில்லை.

*

சாயங்காலம் நான்கு பேரும் வெட்டும் மேஜையைச் சுற்றி நின்றார்கள். மகளும் மாப்பிள்ளையும் குடியிருப்பது இதே வீட்டின் மாடியில். மகள் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். அன்று சீக்கிரமே வந்திருந்தாள், வந்ததிலிருந்து முகம் சரியில்லை.

இந்த வீட்டில் எதை முடிவு பண்ணுவதாக இருந்தாலும் மேஜையில்தான் பண்ணுவார்கள். டெய்லரம்மா சாக்பீஸால் மூன்று முக்கோணம் போட்டாள். பெரிது, சிறிது, ஓரத்தில் சற்றுக் கோணலாக ஒன்று. ஆளுக்கொரு பட்டன் கொடுத்தாள். பட்டனை வைத்த மலைக்கு ஓட்டு.

"முதல்ல நான்" என்று மாப்பிள்ளை முந்திக்கொண்டார். "பெரிய மலை. ஏன்னா, போறதே ஒரு தடவை. உச்சியில இருந்து கிளம்பினா அடிவாரம் வரைக்கும் ஒரே சரிவு. நான் ஸ்னோபோர்டு எடுத்துக்கப் போறேன். ரெண்டு காலையும் ஒரே பலகையில கட்டிக்கிட்டு, சர்ருனு..."

"அடிவாரம் வரைக்கும் நீங்க போவீங்க, பலகை தனியா போகும்" என்றாள் மகள். "புதுசா கத்துக்கிறவங்க ஸ்னோபோர்டுல விழுந்தா மணிக்கட்டு போகும். ஸ்கீயில விழுந்தா முட்டி போகும். எது உடையணும்னு முடிவு பண்ணிக்கோங்க. மணிக்கட்டு போச்சுன்னா பல்லு பிடுங்க முடியாது, ஞாபகம் வெச்சுக்கோங்க."

"பாத்தீங்களா அத்தை, கட்டின புருஷன்கிட்ட பேசற பேச்சா இது?"

"அவ சொல்றதுலயும் நியாயம் இருக்கு மாப்பிள்ளை" என்றாள் டெய்லரம்மா, மாமியார் என்ற முறையில் சிரிப்பை அடக்கிக்கொண்டு.

மாப்பிள்ளை நல்ல மனிதர். ஊரார் வாயைத் திறக்கவைத்துப் பிழைக்கிறவருக்குத் தன் வாயை மூடத்தான் வராது. கறுப்புப் பட்டனைப் பெரிய மலையின் உச்சியில் வைத்தார்.

மகள் வெள்ளைப் பட்டனைச் சின்ன மலையில் வைத்தாள். "ஏர்போர்ட்ல இருந்து ஒரே பஸ். கத்துக்கிறவங்களுக்குன்னு தனிச் சரிவு. நடந்து ஏறவேண்டாம், தரையில பெல்ட் ஓடுது, அதுமேல நின்னா போதும். அப்பா முட்டிக்கு அதுதான் சரி."

"என் முட்டியை எதுக்கு சாட்சிக்கு இழுக்கறே?" என்றார் அப்பா.

இப்போது டெய்லரம்மாவின் முறை. அவள் பாடம் பண்ணி வைத்திருந்தாள். "பழைய மலையில கூட்டமே கிடையாது. நம்மள மாதிரி விழுந்து எந்திரிக்கிறவங்களைப் பாத்துச் சிரிக்க ஆள் இருக்காது. பச்சைக் கொடி நட்ட சரிவுன்னு ஒண்ணு இருக்கு, குழந்தைகூட இறங்கலாமாம்."

"அத்தை, அங்கே போக ரெண்டு ரயில் மாறணும், அப்புறம் பஸ்" என்றார் மாப்பிள்ளை. "இருக்கறதே ஒரு கிழட்டு லிஃப்ட்."

"ரயில்ல போனா ஊரைப் பாக்கலாம்ல?" என்று சொல்லி, நீலப் பட்டனைக் கோணல் முக்கோணத்தில் வைத்தாள். பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

ஆளுக்கொரு மலையாக நின்றது. அப்பாவின் பட்டன்தான் பாக்கி. அவர் அதை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே, "மூணு இடத்து லிஃப்டையும் காட்டுங்க" என்றார்.

மாப்பிள்ளை போனில் காட்டினார். பெரிய மலையின் கண்ணாடிக் கூண்டுகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கல்யாண மண்டபம் மாதிரி இருக்கு" என்று தள்ளினார். சின்ன மலையின் ஓடும் பெல்ட்டுக்கு, "இதுக்கு ஏர்போர்ட்ல பெட்டி வர்ற இடத்துலயே ஏறி நின்னுக்கலாம்." பழைய மலையின் லிஃப்ட் வந்ததும் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டார். கம்பி ஓடும் சக்கரங்களைப் பெரிதுபடுத்தினார்.

ஒவ்வொரு சக்கரமாக நகர்த்திப் பார்த்தார்.

"மெஷின் பழசு" என்றார் கடைசியில். "ஆனா பாத்துக்கறவன் யாரோ நல்லா பாத்துக்கறான். ஒரு துரு இல்லை. கிரீஸ் வழியவிடாம வெச்சிருக்கான் பாரு. இப்பல்லாம் எவன் இப்படி வெக்கிறான்?"

டெய்லரம்மாவுக்கு 'உங்க பிள்ளைதாங்க, உங்க பிள்ளைதான் வெச்சிருக்கான்' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அப்பா பட்டனை நீலப் பட்டனுக்குப் பக்கத்தில் வைத்தார். "வேலை தெரிஞ்சவன் இருக்கற இடத்துல விழுந்தா தூக்கியாவது விடுவான்" என்று சொல்லிவிட்டு, தையல் மெஷின் மோட்டார் ஏதோ சத்தம் போடுகிறதென்று அதைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார்.

பழம் நழுவிப் பாலில் விழுந்தது! டெய்லரம்மா சந்தோஷத்தில் மகளின் கையைப் பிடித்தாள். அந்தக் கை சில்லென்றிருந்தது.

"இது சரி வராது" என்றாள் மகள். "அது உயரம் கம்மியான மலை. பனி நிக்காது. நாம போற நேரத்துக்கு வெறும் புல்லுதான் இருக்கும். மறுபடி ஓட்டுப் போடுவோம்."

"மத்தியானம்கூட முட்டி அளவுக்கு இருந்துச்சேடி!"

"உங்களுக்கு எப்படித் தெரியும் அத்தை?" என்றார் மாப்பிள்ளை.

மகள் அம்மாவை ட்ரயல் ரூமுக்குள் இழுத்துப்போய்த் திரையை விட்டாள். கண்ணாடிக்கும் சுவருக்கும் நடுவில் இரண்டு பேர் நிற்க இடமில்லை; மூச்சு மூச்சில் மோதியது.

"அம்மா, சொன்னாக் கேளு. அந்த மலை வேண்டாம்."

"ஏன்டி? ஊரே வேண்டாம்னாலும் நீ வேணும்னு சொல்லுவேன்னு நெனைச்சேன். கேமராவைப் போட்டுக் கொடுத்ததே நீதானே?"

"போட்டுக் கொடுத்தது தப்புதான்."

"நான் என்ன சொத்தா கேக்கறேன்? தூரத்துல நின்னு ஒரு தடவை பாத்துட்டு வந்துடறேன். உங்கப்பா பாட்டுக்குச் சறுக்கட்டும், நீங்க பாட்டுக்குச் சறுக்குங்க. நான் அந்த லிஃப்டுகிட்ட நின்னுக்கறேன். குளிர்ல வெடிச்சுப் போயிருக்கற கையைப் பிடிச்சு ஒரு தடவை..." மகன் போன நாளிலிருந்து அவளுக்கு அந்தக் கை வேண்டியிருந்தது. நாள் முழுக்க அடுத்தவர் பிள்ளைகளின் கைக்கு அளவெடுக்கிறவளுக்கு, ஒவ்வொரு தடவையும் வேண்டியிருந்தது.

மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். "அவன் உன்னைப் பாக்கத் தயாரா இல்லைன்னா?"

"பெத்தவளைப் பாக்க என்னடி தயாராகறது? பரீட்சையா எழுதப் போறான்?" டெய்லரம்மா திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். உனக்கு உன் புருஷன் பக்கத்தில் இருக்கிறான், உனக்கு என்ன தெரியும் என்று கேட்க நினைத்தாள். கேட்கவில்லை. கேட்டிருந்தால் பிறகு எவ்வளவு வருத்தப்பட்டிருப்பாள்!

*

வெளியே மாப்பிள்ளை உற்சாகத்தில் இருந்தார். தோற்றாலும் கோபித்துக்கொள்ளத் தெரியாத பிறவி. "ஓட்டுன்னா ஓட்டுதான். பழைய மலையே இருக்கட்டும். பூட்ஸ் வாடகைக்குக் கொடுக்கிற கடை, லிஃப்ட் அடியிலயே இருக்கு. நம்ம கால் அளவெல்லாம் அனுப்பி, ஸ்னோபோர்டு இருக்கான்னு கேட்டுட்டேன். உடனே பதில் போட்டுட்டாங்க அத்தை, எவ்ளோ மரியாதை பாருங்க! 'எங்க ஆட்கள் உங்களை வரவேற்கக் காத்திருக்காங்க'ன்னு போட்டோவே அனுப்பியிருக்காங்க."

டெய்லரம்மா ஓடினாள் என்றே சொல்லலாம். காலில் துணிக்குவியல் இடறியது.

"பெருசா காட்டுங்க மாப்பிள்ளை."

லிஃப்டுக்குக் கீழே இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். ஒன்று, இளஞ்சிவப்புத் தொப்பி போட்ட பெண். இன்னொன்று, நீலக் கோட்டு. அதே கட்டம் கட்டமான தையல். இடது தோள் இறங்கியிருந்தது. ஹெல்மெட் இல்லை, கண்ணாடி இல்லை, முகத்தில் துணி இல்லை.

நரைத்த தாடியும் சிவந்த மூக்குமாக, அறுபது வயது வெள்ளைக்காரர் ஒருவர் சிரித்துக்கொண்டு நின்றார்.

டெய்லரம்மா கண்ணாடியைக் கழற்றினாள், துடைத்தாள், போட்டாள். தாடி போகவில்லை.

அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. எந்தத் தோளை வைத்துக் கண்டுபிடித்தேன் என்று பெருமைப்பட்டாளோ, அது அவள் வெட்டிய தோள். மகனுக்குச் சரியாக உட்கார வேண்டுமென்று இடது பக்கத்தை இறக்கி வெட்டி, பஞ்சு வைத்து விறைப்பாகத் தைத்தவள் அவளேதான். அவ்வளவு தடித்த கோட்டு, உள்ளே இருக்கிறவனுடைய தோளை எங்கே காட்டப்போகிறது? யார் போட்டுக்கொண்டாலும் தராசாகத்தான் தெரிவான். கத்திரி பிடிக்கத் தெரியாத எந்தத் தாயும் இப்படி ஏமாந்திருக்க மாட்டாள். தொழிலே கண்ணைக் குத்திவிட்டது.

ஒரு வருஷமாக யாரைப் பார்த்து அவள் கையைத் தூக்கிக்கொண்டிருந்தாள்?

"மாப்பிள்ளை" என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "அந்தக் கோட்டு அவருக்கு ஏதுன்னு கேளுங்க."

"கோட்டா? ஓ, தொழில் ஆர்வமா அத்தை?"

"அதெல்லாம் எதுக்குங்க, வேலை பாக்கறவங்களைத் தொந்தரவு பண்ணிக்கிட்டு..." என்று மகள் போனைப் பிடுங்க வந்தாள்.

"நீ சும்மா இரு!" என்றாள் டெய்லரம்மா. அந்த வீட்டில் அவள் அப்படி அதட்டி யாரும் கேட்டதில்லை. "கேளுங்க மாப்பிள்ளை."

மாப்பிள்ளை தட்டினார். பதில் வருவதற்குள் தெருவில் ஒரு பஸ் போனது. கொல்லைப்பக்கம் மோட்டாரை அப்பா ஓடவிட்டு, நிறுத்தி, மறுபடி ஓடவிட்டார். பிறகு போன் சிணுங்கியது.

"வந்துடுச்சு. 'இது என் கோட்டு இல்லை'ன்னு போட்டிருக்கார்." மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே தமிழில் சொல்லிக்கொண்டு போனார். "'என்கூட லிஃப்ட்ல வேலை பாத்த ஒரு பையனோடது. போன குளிர்காலம் சக்கரத்துல கட்டின ஐஸைத் தட்டறப்போ ஏணியில இருந்து விழுந்துட்டான். ஊருக்குப் போறப்போ எனக்குக் கொடுத்தான்.' அட பாவமே. அப்புறம் இதைக் கேளுங்க, வேடிக்கையா இருக்கு. 'காலையில பனி தள்ளறப்போ இதைப் போட்டுக்கிட்டு கேமரா முன்னாடி நிக்கணும்னு கேட்டுக்கிட்டான். அவனோட அம்மா தினமும் பாக்கறாங்களாம். அதனால நான் தினமும் கை காட்டறேன். அவங்க...'"

மாப்பிள்ளையின் சிரிப்பு பாதியில் நின்றது. லிஃப்டில் வேலை பார்த்த பையன். தினமும் பார்க்கிற அம்மா. அவர் மெல்ல நிமிர்ந்து மாமியாரைப் பார்த்தார். வாயை மூடத் தெரியாதவர் அன்று மூடினார்.

"மிச்சத்தையும் படிங்க" என்றாள் டெய்லரம்மா.

"'அவங்க பாக்கறாங்களான்னு எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க'ன்னு..." மாப்பிள்ளை போனை மேஜைமேல் கவிழ்த்துவைத்தார்.

டெய்லரம்மா மகள் பக்கம் திரும்பினாள். கேமரா விஷயம் உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி அவள். இன்னொருத்தி சுவரில் சாய்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். முழுப் பூசணிக்காயை ஒரு வருஷம் சோற்றில் மறைத்திருக்கிறாள்!

"விழுந்தானா?"

"இடுப்பும்மா. தொடை எலும்பும். அங்கேயே ஆபரேஷன் பண்ணிட்டாங்க. ஆனா பாத்துக்க ஆள் இல்லை."

"உசுரு..."

"நல்லா இருக்கான்மா. சத்தியமா நல்லா இருக்கான். வாக்கர் வெச்சு நடந்தான், இப்ப ஒத்தைக் கம்புதான். இன்னும் கொஞ்சம் பயிற்சி பண்ணினா அதுவும் வேண்டாம். அதையும் போட்டுட்டு நேரா நடந்து வந்துதான் உன் முன்னாடி நிப்பேன்னு அடம். அப்பா அன்னிக்குச் சொன்னதை மறக்கலை. தோத்துப் போய் வந்துட்டான்னு ஆயிடுமாம். உனக்குத் தெரிஞ்சா நீ தாங்கமாட்டேன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டான். என்னால என்னம்மா பண்ண முடியும்?"

"நீ எப்படிப் பாத்தே? நடக்கறதையும் கம்பையும் நீ எங்கேடி பாத்தே?"

மகள் கண்ணைத் துடைத்தாள். புருஷனை ஒரு தடவை பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள்.

"நான்தானேம்மா அவனுக்குப் பயிற்சி கொடுக்கறேன். தினமும்."

கொல்லையில் மோட்டார் சத்தம் நின்றிருந்தது.

"இங்கேயா?" என்றாள் டெய்லரம்மா. வார்த்தை வெளியே வந்ததா என்று அவளுக்கே சந்தேகம். "இந்த ஊர்லயா?"

"ஆஸ்பத்திரிக்குப் பின்னால ஒரு ரூம். பஸ்ல ஏறினா ரெண்டு ஸ்டாப்."

இரண்டு ஸ்டாப்! கடலைத் தாண்டி, இரண்டு ரயில் மாறி, பனியில் போய்த் தேடவேண்டிய பிள்ளை. அவள் ஜிப் வாங்கவும் நூல் வாங்கவும் வாரத்துக்கு மூன்று தடவை அந்த ஸ்டாப்பைத் தாண்டிப் போயிருக்கிறாள். அந்த ரூமுக்கு மாடியில் எந்த ஜன்னலோ, அவன் நின்று பார்த்திருப்பானோ, அம்மா பையைத் தூக்கிக்கொண்டு போகிறாளே என்று. அவள் நிமிர்ந்து பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. பனிமலையைப் பார்க்க வீட்டுக்கு ஓடியிருக்கிறாள்.

மகளை அடிக்க ஓங்கிய கையால் அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். இரண்டு பேரும் சேர்ந்து அழுதார்கள். மாப்பிள்ளை என்ன செய்வதென்று தெரியாமல், கலைந்து கிடந்த பள்ளிக்கூட பேண்ட்டுகளை ஒவ்வொன்றாக மடித்து வைத்தார்.

போன் அடித்தது. டெய்லரம்மாவே எடுத்தாள்.

"அம்மா, கடை சாத்தப் போறேன்" என்றார் டிராவல்ஸ்காரர். "நாலு பேருக்கு எந்த மலை?"

"மலையை நாளைக்குச் சொல்றேங்க. நாலு பேர் இல்லை. அஞ்சு பேர்."

"அஞ்சாவது ஆள் யாரு?"

கேட்டது டிராவல்ஸ்காரர் இல்லை. கொல்லைக் கதவருகே கையில் கிரீஸ் துணியோடு கணவர் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார், எதுவரை கேட்டார், தெரியவில்லை. மனைவியின் முகத்தைப் பார்த்தார். மகளின் முகத்தைப் பார்த்தார். டிவி அணைந்திருந்தது, சத்தத்தைக் கூட்ட வழியில்லை.

டெய்லரம்மா போனை வைத்தாள். கழுத்தில் தொங்கிய அளவு டேப்பைக் கழற்ற வேண்டுமென்றுகூடத் தோன்றவில்லை.

"ரெண்டு ஸ்டாப் தள்ளித்தான் இருக்கான், நம்ம பிள்ளை" என்றாள். "நான் போய்ப் பாக்கறேன். நீங்க வர்றதும் வராததும் உங்க இஷ்டம். வந்தா, அவன் கையில இருக்கற கம்பைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கக் கூடாது."

அவர் கிரீஸ் துணியால் ஒரே விரலைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அவள் காத்திருக்கவில்லை. இத்தனை நாள் காத்திருந்தது போதும். செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள். முனையில் பஸ் திரும்பிக்கொண்டிருந்தது. ஓட்டமும் நடையுமாகப் போகும்போது பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. வருவது மகள் மட்டும்தானா, இன்னும் ஒருவரும் கூட வருகிறாரா என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பஸ்ஸைப் பார்த்துக் கையைத் தூக்கினாள்.